மருமக கலர்

"தப்பு கம்ப்யூட்டர் மேல இருந்தா இப்பவே சரி பண்ணிடலாம்மா. கொஞ்சம் உக்காருங்க"ன்னாரு சுப்புராயன். தி.நகர்ல அந்த போட்டோ ஸ்டுடியோவோட கம்ப்யூட்டருங்களுக்கு எல்லாம் அவர்தான் வைத்தியர்.

சண்முகவடிவு உக்காரலை. மாப்பிள்ளையோட அம்மா. மந்தைவெளியிலேர்ந்து வெயில்ல வந்திருந்தாங்க.

"இன்னாத்த உக்கார்றது? கல்யாண ஆல்பம்னு இதையா அனுப்புவீங்க? என் மருமக கலரா இது? போன்ல பார்த்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு சோறு துன்னாம அழுதுக்கினு கீது!"

கல்லாவுல இருந்த முதலாளி அக்பர் பாஷா, சுப்புராயன் காதுகிட்ட குனிஞ்சாரு.

"கறுப்பாப் பொறந்தது ஒரு குத்தமாய்யா? பாவம், இப்படி ஒரு மாமியார்கிட்ட மாட்டிக்கிச்சு."

ஆல்பம் பண்றது ஷெரில். வீட்டுல இருந்தபடியே ரிமோட்ல இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற பொண்ணு. சுப்புராயன் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு.

"ரிமோட்ல டிஸ்ப்ளேன்னு இருக்கே, அதை எதுலம்மா வெச்சிருக்கே?"

"நெட் ஸ்லோண்ணே. அதான் வேகத்துல வெச்சேன்."

"வேகமா வர்றதுக்கு அது கலரைத்தான் முழுங்கும். நல்ல கலருக்கு மாத்து. இப்ப முகூர்த்தப் புடவை எப்படித் தெரியுது?"

"ஐயோ! மாம்பழக் கலராண்ணே இது? நான் இத்தனை நாளா காவின்னுல்ல நெனைச்சேன்!"

"புடவை கிடக்கட்டும். முகத்துல வெள்ளை ஏத்தும்மா"ன்னாரு அக்பர் பாஷா.

"வழக்கமா ஏத்துறதை ஏத்திட்டேன் சார். இதுக்கு மேல ஏத்தினா மூக்கு காணாமப் போயிடும்."

"போனாப் போகட்டும், ஏத்து!"

ஸ்டுடியோ திரையில மணப்பொண்ணு முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் ஆச்சு.

"இப்ப திருப்தியாம்மா?"

சண்முகவடிவு மேஜையில ஓங்கி ஒண்ணு வெச்சாங்க. சுப்புராயன் கை மவுஸை விட்டுட்டு தானா மேல போயிடுச்சு.

"அடப்பாவிங்களா, இன்னும் வெள்ளையடிக்கிறீங்களே! என் மருமக கறுப்பு நைனா! அந்தக் களையைப் பார்த்துத்தான் நானே போய்ப் பொண்ணு கேட்டேன். 'என் கலர் புடிக்காம நீங்கதானே அத்தை மாத்தச் சொன்னீங்க'ன்னு அழுவுது. நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அக்பர் பாஷா குனிஞ்சு கல்லாவுல எதையோ தேட ஆரம்பிச்சாரு. சுப்புராயன் போனைக் கிட்ட இழுத்தாரு.

"ஏத்தினது எல்லாத்தையும் எடுத்துடும்மா"ன்னாரு மெதுவா.

திரையில கருகருன்னு, கண்ணு நிறைய சிரிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வந்தா.

"தோ, இவதான்"னு சண்முகவடிவு அப்பத்தான் உக்காந்தாங்க.

பக்கத்து மேஜையிலேர்ந்து யாரோ கூப்பிட்டாங்க. "சார், எங்க பொண்ணு முகமும் சரியில்ல. கொஞ்சம் வந்து பாருங்க."

சுப்புராயன் எழுந்து போனாரு. போகும்போதே கேட்டுட்டாரு: "வெள்ளை கம்மியா, ஜாஸ்தியா?"