பார்க்காத முகம்

வேவுப் படையிலிருந்து தவசிமுத்து விடுப்பில் வந்தபோது கோவில்பட்டி ரயிலடியில் மேளம் கொட்டி மாலை போட்டார்கள். மாலை போட்டவர்களே அவன் தெருவுக்குள் நுழைந்ததும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். அவனுடையவை படை பொருத்திய கண்கள். அவன் பார்ப்பதையெல்லாம் அந்த நொடியே தலைமையகமும் பார்க்கும்.

மனைவி பிரசவித்திருந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, உங்களால எங்களுக்குப் பெருமைதான். ஆனா உள்ள பொம்பளைங்க பால் குடுத்துட்டு இருக்காங்க. கோவிச்சுக்காதீங்க."

அவன் கோபிக்கவில்லை. துண்டால் கண்களை இறுகக் கட்டிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் மனைவி அன்னக்கிளி சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"இங்க நம்மளத் தவிர யாருமில்ல. துண்ட அவுத்துட்டு உங்க மகளைப் பாருங்க."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"ஊர்தான் பயப்படுது. உங்களுக்கு என்ன பயம்?"

"எல்லையில மலை மேல இருந்து வேவு பாத்தப்போ, கீழ ஒரு வீட்டு முற்றத்துல ஒரு பொண்ணு பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டிட்டு இருந்தா, கிளி. பாக்க ஆசையா இருந்துச்சு, கொஞ்ச நேரம் கூடுதலாப் பாத்துட்டேன். நான் மலையவிட்டு இறங்குறதுக்குள்ள அந்த வீட்டு மேல குண்டு விழுந்திருச்சு."

அன்னக்கிளி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரலைப் பிடித்துக் குழந்தையின் நெற்றியிலும் மூக்கிலும் மெல்ல வைத்தாள்.

"யார மாதிரி இருக்கா? உன்னைய மாதிரியா?" என்று கேட்டான்.

அவள் அதே விரலை எடுத்துத் தன் நெற்றியிலும் மூக்கிலும் வைத்துக் காட்டினாள்.