கேஸ் கொஞ்சம் குறைச்சல்

கார் ஏசியிலிருந்து வந்த காற்று அடுப்படியிலிருந்து வருவது போல இருந்தது.

"போன வருஷம் டவுன்ல கேஸ் ரொப்பினான் பாரு, வெறும் காத்தை ரொப்பி ஏமாத்திட்டான். நீயும் திருடத்தான் போறே" என்றார் தவுனோ.

ஸிர்பா ஸ்பானரை எடுத்துக்கொண்டே சிரித்தாள். "அப்போ பக்கத்துலயே நின்னு காவல் இருங்க பெரியவரே. கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

நின்றார். எண்பத்தோரு வயதில் எந்த மெக்கானிக்கையும் அவர் நம்பியதில்லை. இவளுடைய அப்பன் இந்தப் பட்டறையை நடத்திய காலத்தில் அவனையும் நம்பியதில்லை.

ஜூலை மாதம். முப்பத்திரண்டு டிகிரி. வடக்குப் பின்லாந்தின் இந்தக் காட்டில் அப்படி வெயில் அடித்தால் கொசுகூட கடிக்கச் சோம்பல்படும்.

வெயில் அவருக்கு ஒரு பொருட்டில்லை. சனிக்கிழமை தவறாமல் ஸௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் எண்பது டிகிரியில் வெந்து எழுகிற மனுஷன்.

அவருக்குக் கவலை கார் சாவி.

விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் மெர்வி, பட்டறையின் ஆபீஸ் அறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் அவர் அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டு வலை பின்னப் போனதும், சட்டி கரிக்கட்டையானதும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இன்னொரு தடவை எதையாவது மறந்தால் சாவி அவளிடம். கைகொடுத்து ஒப்புக்கொண்டிருந்தார்.

கடை இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் நின்று ஆறு வருஷமாகிறது. சாவி போனால் ஏரிக்கரை வீடும் போகும். அப்புறம் ஓவுலு நகரத்தில், மகள் வீட்டு மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி.

ஸிர்பா இரண்டு குழாய்களை மாட்டி மீட்டரைப் பார்த்தாள். கேஸ் இருந்தது. கம்ப்ரஸரும் ஓடியது. ஒரு முள் மட்டும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் கம்ப்ரஸர் டக்கென்று தானாக நின்றது.

"சூடு வெளிய போக வழியில்ல. எங்கியோ அடைச்சிருக்கு."

பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து வண்டியின் முகத்தில், கிரில்லின் மேல் வைத்தாள். உள்ளே விசிறி சுற்றும்போது தாள் அப்பிக்கொள்ள வேண்டும். அது வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

கிரில்லைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். ஓர் அட்டை வந்தது.

காப்பிப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. மைனஸ் முப்பதில் என்ஜின் சீக்கிரம் சூடாகட்டும் என்று ரேடியேட்டருக்கு முன்னால் சொருகுவது. இந்தப் பக்கத்துக் கிழவர்களில் பாதிப் பேர் சொருகுவார்கள். பனி உருகியதும் உருவி எறிவார்கள்.

தவுனோவுக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியா! அந்த டவுன்காரன் வேலை. அடைச்சு வெச்சா கிழவன் மறுபடி நம்மகிட்டயே வருவான்னு கணக்குப் போட்டிருக்கான், திருட்டுப் பய!"

ஸிர்பா அட்டையைத் திருப்பி மறுபக்கத்தை அவரிடம் காட்டினாள்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

மெர்வி காப்பியோடு வந்தாள். "என்னவாம்பா கோளாறு?"

அதற்குள் அட்டை இரண்டாக மடிந்து மேசைக்கு அடியில் போயிருந்தது.

"கேஸ் கொஞ்சம் குறைச்சல்" என்றாள் ஸிர்பா. "இந்த வெயிலுக்கு எல்லா வண்டிக்கும் வர்றதுதான்."

பொய் சொல்கிறவர்களை ஆயுசு முழுக்க முகத்துக்கு நேராகத் திட்டியவர் தவுனோ. இப்போது காப்பியை நின்றபடியே குடித்தார். சூட்டில் நாக்கு வெந்தது.

திரும்பும்போது வண்டிக்குள் ஜில்லென்று இருந்தது. மெர்வி முகத்தைக் காற்றுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஊர்ல எல்லாரும் திருடங்க இல்லப்பா, தெரிஞ்சுக்கங்க. நான்கூட நீங்கதான் எதையோ மறந்து தொலைச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

நாலு கிலோமீட்டர் பைன் மரங்கள்.

மரம் ஏற்றும் லாரிகள் திரும்புவதற்காக வெட்டிவிட்ட இடத்தில் ஓரங்கட்டினார். இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எறங்கு. நீ ஓட்டு. சாவி அதுலயே இருக்கு, இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்."

"என்னப்பா இது? அதான் வண்டி சரியாயிடுச்சே!"

அட்டையை எடுக்க மறந்தது மட்டும் என்றால் அவர் வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அதை யார் வேண்டுமானாலும் மறப்பார்கள்.

அதன் மறுபக்கத்தில் தடித்த பேனாவால் எழுதியிருந்தது: மே முதல் தேதி எடுத்துவிடு, மறக்காதே. கீழே பெயர், தவுனோ.

கையெழுத்து அவருடையதேதான். அதை எழுதியதோ, வெட்டியதோ, சொருகியதோ இந்த நிமிஷம்வரை அவருக்கு ஞாபகம் வரவில்லை.