கஷ்டம் கேட்கிற குரல்

கோவில்பட்டி சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து முடித்த இசக்கியம்மாள், சென்னையிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேர விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. எல்லோருமே நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவதால், யார் அதிகக் கஷ்டத்திலிருந்து படித்தார்கள் என்று பார்த்துத்தான் அங்கே இடம் கொடுத்தார்கள். அதை விசாரிக்க ஒரு குரல் வீட்டுக்கே போன் செய்யும்.

அன்றைக்கு அம்மாதான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீட்டில் ஏதாவது சிரமம் உண்டா அம்மா?"

"ஒரு கொறையுமில்லைய்யா, நல்லா இருக்கோம். நீங்க சாப்ட்டீங்களா?"

மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த இசக்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, போன தடவையும் இதத்தான சொன்ன!"

"ஊரு பேரு தெரியாதவங்ககிட்ட நம்ம வீட்டுக் கதைய எதுக்குட்டி சொல்லணும்? அவங்க என்ன நெனப்பாங்க?"

"அது மிஷினும்மா. ஒண்ணும் நெனைக்காது."

குரல் பொறுமையாகக் காத்திருந்தது. "இசக்கியம்மாள், அம்மா சொன்னது சரியா? தவறென்றால் நீங்கள் திருத்தலாம். இதுவே கடைசி வாய்ப்பு."

இசக்கி போனை வாங்கினாள். உள்ளறையில் நான்கு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பா, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கஷ்டம் என்று சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

"சரிதாங்க," என்றாள். "ஒரு கொறையுமில்ல."

அவள் போனை வைத்த பிறகுதான், அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலை அப்பா இருமித் தீர்த்தார்.