சொறிக்கல்முனை முருங்கையிலை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் மக்கீன்தான்.

அவன் என் சகலன். அக்காவை நான் முடித்தேன், தங்கச்சியை அவன் முடித்தான். எங்கள் ஊர் வழக்கப்படி இருவரும் மாமியின் வளவுக்கே மாப்பிள்ளையாக வந்தோம். பிறகு வளவை இரண்டாகப் பிரித்து வேலி போட்டார்கள். வந்த புதிதில் நான் நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த முருங்கை மரம் அவன் பக்கம் போய்விட்டது.

"மரம் உங்கடதான் காக்கா" என்று, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்கிறவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைச் சொல்லும்வரை அந்த மரத்து இலை என் வாயில் படாது என்று நானும் அன்றே அறிவித்துவிட்டேன்.

இப்போது பாருங்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரமானால் எனக்குக் கண் தெரிவதில்லை. பள்ளிவாசல் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைத்து, செருப்புகளுக்கு மேலே விழுந்தேன். அவனோ என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவன். அந்த மங்கலிலும் கண்ணாடி இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறான்.

ஓடமாட்டானா? மகன் கட்டாரிலிருந்து விற்றமின் போத்தல் அனுப்புகிறான். அதைத் தேத்தண்ணிக் கடைக்கும் கொண்டுவந்து குலுக்குவான்.

"என்ன மக்கீன், கிலுகிலுப்பையா?" என்றேன் ஒருநாள்.

"விற்றமின் காக்கா. மகன் அனுப்பினது."

"எங்களுக்கும் ரெண்டு குளிசை தந்தா நீ மெலிஞ்சா போயிடுவாய்?"

"இது கண்டபடி குடிக்கிற சாமானில்ல காக்கா. முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்க."

கடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் முன்னால் இல்லையென்று சொல்லிவிட்டான். கஞ்சன்.

என் மனைவி சுபைறா விடவில்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தது ஒரு சின்னப்பிள்ளை டொக்டர்.

"என்ன சாப்பிடுறீங்க வாப்பா?"

"சோறு. கருவாட்டு ஆணம்."

"கீரை வகை?"

"அது ஆடு திங்கிற சாமான் பிள்ளை."

"ஆட்டுக்கு மாலைக்கண் வாறல்லயே வாப்பா!"

சுபைறா சிரித்தாள். நான் அவளை முறைத்தேன்.

"உங்கட உடம்பில விற்றமின் ஏ குறைவு" என்றார் டொக்டர். "குளிசை தாறன். ஆனா குளிசை முடிஞ்ச பிறகு சாப்பாடுதான் மருந்து. பப்பாசி, முட்டை, முருங்கையிலை. இப்பிடியே விட்டா பகல்லயும் கைபிடிச்சுக் கூட்டிப்போக ஆள் தேவைப்படும்."

"பக்கத்து வளவில முருங்கையிலை கொத்துக் கொத்தாத் தொங்குது டொக்டர். இவர்தான்..."

"வாய மூடுகா!" என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டேன். "கட்டார் போத்தல்ல ரெண்டு குடிச்சா?"

"ஆர்ட குளிசையையும் குடிக்காதீங்க. விற்றமின் ஏ கூடினாலும் ஈரலுக்குக் கூடாது."

டொக்டரும் மக்கீனின் கட்சி.

அடுத்த நாளே சோற்றுப் பீங்கானில் முருங்கையிலை வறை வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஆர்ட மரம்?"

"கனகேஸ்வரி கொண்டுவந்தது. சொறிக்கல்முனை முருங்கை. பேசாமத் தின்னுங்க."

கனகேஸ்வரி சொறிக்கல்முனை ஊரிலிருந்து சைக்கிளில் மரக்கறி கட்டிவந்து வீடு வீடாக விற்கிறவள். பொய் சொல்லாத பெண். அவளை நம்பித் தின்றேன்.

தின்னத் தின்ன ருசி பிடித்தது. ஒருநாள் வேலியோரம் போய் நின்றுகொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"சுபைறா! சொறிக்கல்முனை இலைட ருசியே வேற. இஞ்சயும் ஒரு மரம் நிக்குது, வேம்பு மாதிரிக் கசப்பு!"

வேலிக்கு அந்தப் பக்கம் மக்கீன் செருமினான்.

"ஓம் காக்கா. அந்த மண் அப்பிடி."

நோன்பு பிறக்குமுன்னே கண்பார்வை திரும்பிவிட்டது. மஃரிபுக்குத் தனியாகப் போய், பள்ளிப் படியில் தடுமாறாமல் ஏறினேன். மக்கீன் தொழப் போகாமல் படியடியில் நின்று, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பொறாமை.

போன கிழமை சுபைறா வீட்டில் இல்லாத நேரம் கனகேஸ்வரி வந்தாள்.

"தங்கச்சி, உன்ட முருங்கையாலதான் என்ட கண் திரும்பினது" என்றேன். "அதில ஒரு கம்பு வெட்டித் தா. என்ட வளவிலயும் நடுவம்."

"என்ட வளவில எங்க காக்கா முருங்கை? கத்தரியும் வெண்டியும்தான் நிக்குது" என்றவள் நாக்கைக் கடித்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் திண்டது?"

அவள் வேலியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மக்கீன் காக்கா விடியவே பறிச்சு, கட்டுக் கட்டிப் பின்படலையில வச்சிருப்பார். சொறிக்கல்முனை எண்டு சொல்லிக் குடுக்கச் சொன்னவர். 'உங்கட மரத்து இலைக்கு என்னத்துக்கு இந்த ஒளிப்பு' எண்டு அவரிட்டக் கேட்டன். 'ஆர் சொன்ன என்ட மரமெண்டு? அது காக்காட மரம் பிள்ளை. அவர்ட இலை அவருக்குப் போகுது. சொல்லிடாத, தின்னாம விட்டிருவார்' எண்டவர்."

இலைக்கட்டை வாங்கிக்கொண்டேன்.

அன்று பகல் வறையை இரண்டாம் தரமும் போட்டுத் தின்றேன். மரம் என்னுடையதுதானே.

ஆனால் இத்தனை வருஷமாக நான் காத்திருந்த அந்த ஒரு வார்த்தையை, மரக்கறிக்காரியிடம் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அதை அவன் இன்னும் தரவேண்டியிருக்கிறது.