தலை தூக்காத தையல்காரர்

மாலை வெயில் பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியில் கால்நீட்டிப் படுத்திருக்கிறது. மிஞ்சியிருப்பது வெள்ளைப் பந்தும் கறுப்புப் பந்தும்தான்; கறுப்பு குழியில் விழுந்தால் லீக் கோப்பை தையல்காரரின் அணிக்கு. அடித்த நொடியே தலையைத் தூக்கிப் பார்க்கும் வியாதியால் அவர் கோட்டைவிட்ட ஆட்டங்கள் ஒரு லட்சத்துக்குக் குறையாது. அதனால்தான் ஆறு மாதமாக வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மோவாயைக் கோலில் ஒட்டிவைத்தே பயிற்சி. “மச்சான், இன்னைக்கும் தலையத் தூக்குனீங்க, அக்கா சாப்பாட்டு மேசையத் தொடவே விடாது!” என்கிறான் அணியிலிருக்கும் மைத்துனன். கோல் மெல்ல நகர்கிறது. டொக். கறுப்பு உருண்டு போய், குழியின் உதட்டில் ஒரு யுகம் யோசித்துவிட்டு உள்ளே விழுகிறது. கைதட்டலில் கூரை ஓரடி எழும்பி உட்காருகிறது. தையல்காரர் மட்டும் குனிந்தபடியே இருக்கிறார். மோவாய் கோலில், கண் துணியில். “எழுந்திரிங்க மச்சான்!” “இருடா,” என்கிறார் துணியிடமே, “கைதட்டுனது நமக்கா, அவங்களுக்கா?”