கீறல் விழுந்த இடம்

மாலை வெயில் புது ராக் இசைத்தட்டின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. வீடு மாற்றும்போது உடைந்த பழைய தட்டுக்கு ஈடாகத் தம்பி வாங்கி வந்தது. பேருந்து ஓட்டிக் காய்த்த விரல்களால் அவன் சாப்பாட்டு மேசையில் டிரம்ஸ் அடிக்கிறான். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அக்கா தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறாள். மூன்றாவது பாட்டில் ஓரிடம். பழைய தட்டில் அங்கே கீறல் இருந்தது, ஊசி எப்போதும் ஒரு வரியைத் தாண்டிக் குதிக்கும். இப்போது தட்டு ஒழுங்காக ஓடுகிறது, பழக்கதோஷத்தில் இவர்கள் இருவரும்தான் குதித்துவிடுகிறார்கள். பாடகன் பாவம், பின்னால் வருகிறான். “அன்னைக்கு இவங்க கச்சேரிக்குப் போனப்பவும் இப்படித்தானேக்கா? மொத்தக் கூட்டமும் நம்மளத் திரும்பிப் பாத்துச்சே!” கண்ணில் நீர் முட்டச் சிரித்த அக்கா, தட்டை நிறுத்திவிட்டுக் கொண்டை ஊசியை உருவுகிறாள். “இதுக்கும் குதிக்கக் கத்துக் குடுத்துடலாம். சரியா எந்த இடம்டா அது?”