மூன்றாவது கேன்டீன்

டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்த அப்பாவின் முகம் மலர்ந்தது.

"படு கேவலமா இருக்கும்மா!"

மகளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பி.பி.ஏ. படிக்க மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. நாளைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டணம் கட்டுவது அப்பா என்பதால் முடிவும் அவருடையதுதான்.

முதல் கல்லூரி மேல் அவளுக்கு உயிர். முதல் வருடமே மாணவர்களை நிஜக் கம்பெனிகளுக்கு அனுப்பி வேலை பழக்குகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும் வேறு. விவரம் தெரிந்த நாளிலிருந்து பள்ளி விட்டதும் அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கே வேலை செய்ய ஓடியவளுக்கு, அந்தத் தூரம்தான் பாதிப் பட்டம்.

"ரேங்க்கைப் பாத்து யாராவது காலேஜ்ல சேருவாங்களா? உள்ள போய்ப் பாக்கணும்மா" என்று அப்பாதான் ஆரம்பித்தார். எங்கப்பா மாதிரி வருமா என்று தோழிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

உள்ளே போனார். நேராகக் கேன்டீனுக்குப் போனார்.

முதல் கல்லூரியில் ஒரு பேராசிரியர் வலிய வந்து பாடத்திட்டத்தை விளக்கினார். அப்பாவின் கண் அவர் தோளைத் தாண்டிச் சாப்பாட்டு வரிசையிலேயே இருந்தது. "நல்லாத்தான் நடத்துறான்" என்று பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான், அந்தக் கல்லூரி அவுட்.

இரண்டாவதில் கேன்டீனில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அப்பா எழவு வீட்டிலிருந்து வருபவர் போல வெளியே வந்தார்.

இந்த மூன்றாவது, வீட்டிலிருந்து பஸ் ஏறிக் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். கேன்டீன் ஈயோட்டிக்கொண்டிருந்தது. அப்பா சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தார். சுவரை வேறு தட்டிப் பார்த்தார். அப்புறம் எங்கோ போய்விட்டு அரைமணி கழித்துத்தான் திரும்பினார்.

"அப்பா! மூணு வருஷம் நான் இங்க படிக்கணும். எப்படிச் சொல்லிக் குடுப்பாங்கன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"ஆபீஸ்லதானே இவ்வளவு நேரம் பேசிட்டு வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. பாவம், மனுஷன் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அநியாயமாகக் கத்திவிட்டோமே.

அதற்குள் அம்மா போனில் வந்துவிட்டாள்.

"இந்தக் காலேஜேதான், முடிவாயிடுச்சு" என்றார் அப்பா. "அடுத்த மாசத்துலேர்ந்து கேன்டீனை நம்மளையே எடுத்து நடத்தச் சொல்லிட்டாங்க. கல்லாவுக்குக்கூடத் தனியா ஆள் தேட வேண்டாம்."